17 வயதுக் குற்றவாளியை வளர்ந்தோராகத் தண்டிப்பது பற்றி

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

தங்கள் பத்திரிகையின் வாசகர் பகுதியில் இரு வாரங்களுக்கு முன்னர் வெளியான கடிதமொன்றில், கொலை, பாலியல் வன்புணர்வு, வாள்வெட்டு ஆகிய குற்றங்களைப் புரிபவர் 15 வயதைக் கடந்தவராயின் வளர்ந்தோருக்குரிய தண்டனையையே அவருக்கும் வழங்க வேண்டும் என்று அன்பர் ஒருவர் வாதிட்டிருந்தார். எங்கள் சந்தியிலுள்ள தேநீர்க் கடையில் அதை ஒருவர் உரக்க வாசித்தார். வாசித்து முடிந்ததும் கடையில் இருந்த அனைவரும் அதுவே சரி என்றார்கள். மறுத்துப் பேச ஒருவரும் இருக்கவில்லை. நானும் அன்று வாய் திறக்கவில்லை. அந்த மௌனம் என்னை உறுத்திக்கொண்டே இருப்பதால் இதை எழுதுகிறேன்.

வன்னிப் பகுதி நீதிமன்றங்களில் 26 ஆண்டுகள் மொழிபெயர்ப்பாளராகப் பணிபுரிந்து ஓய்வுபெற்றவன் நான். சட்டத்தரணி அல்லன். பிறர் சொல்வதைக் கூட்டாமல் குறைக்காமல் மறுமொழியில் சொல்வதே என் வேலையாக இருந்தது; சொந்தக் கருத்து என ஒன்று எனக்கு இருப்பதாகக் காட்டிக்கொள்ளவும் கூடாது. ஓய்வூதியம் பெறும் இந்தக் காலத்தில் அந்தக் கட்டுப்பாடு நீங்கிவிட்டதாக எடுத்துக்கொள்கிறேன்.

அன்பரின் கடிதம் ஒரு தவறான எண்ணத்தின் மேல் நிற்கிறது. 17 வயதுக்காரன் ஒருவன் கொலை செய்தால் இந்த நாட்டில் அவனை எச்சரித்து வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள் என்று அவர் நம்புகிறார். தேநீர்க் கடையில் இருந்தவர்களும் அப்படியே நம்பினார்கள். உண்மை வேறு. 1939 ஆம் ஆண்டின் சிறுவர்கள் மற்றும் இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம், 14 வயதுக்குக் குறைந்தவரைச் சிறுவர் என்றும், 14 முதல் 16 வயதுக்கு உட்பட்டவரை இளம் ஆள் என்றும் வகுத்தது. 16 வயது நிறைந்த நாளோடு அந்தச் சட்டத்தின் கவசம் கழன்றுவிடும். 2022 இல் திருத்தம் வந்து 18 வயதுக்குக் குறைந்த அனைவரும் சிறுவர் என்று ஆகும் வரை, எண்பது ஆண்டுகளுக்கு மேலாக, 16, 17 வயதுப் பிள்ளைகள் பொலிஸ் நிலையத்திலும் நீதவான் முன்னிலையிலும் விளக்கமறியலிலும் பெரும்பாலும் வளர்ந்தோரைப் போலவே நடத்தப்பட்டார்கள். ஆகவே அன்பர் கேட்பது புதிய மருந்து அன்று. நீண்ட காலம் கொடுத்துப் பார்த்த மருந்து. அதனால் வன்னியில் வாள்வெட்டுக் குறைந்ததா என்பதை அவரே சொல்லட்டும்.

பாரதூரமான குற்றங்களைப் பொறுத்தவரை சட்டம் என்றைக்குமே மென்மையாக இருந்ததில்லை. கொலை, கைமோசக்கொலை (கொலை என்ற தரத்துக்கு எட்டாத ஆட்கொலை), கொலை முயற்சி முதலியன மேற்படி சட்டத்தின் அட்டவணையில் தனியே வைக்கப்பட்டவை. செய்தவன் சிறுவனாயினும் அவை சிறுவர் நீதிமன்றத்தின் எல்லைக்கு அப்பாற்பட்டு மேல் நீதிமன்றம் வரை செல்பவை. தண்டனைச் சட்டக்கோவையின் 53 ஆம் பிரிவு 18 வயதுக்குக் குறைந்தவருக்கு மரண தண்டனை விதிக்கலாகாது என்கிறது. ஆனால் அதற்குப் பதிலாக அப்பிரிவில் நெடுங்காலம் எழுதப்பட்டிருந்தது, ஜனாதிபதி விரும்பும் காலம் வரை தடுத்துவைத்தல் என்பது. அதாவது விடுதலைத் திகதி எழுதப்படாத தடுப்பு. குற்றப் பொறுப்புக்குரிய ஆகக் குறைந்த வயது 2018 வரை 8 ஆக இருந்தது, மூன்றாம் வகுப்பில் இருக்கும் பிள்ளையின் வயது. இப்போது அது 12. 12 க்கும் 14 க்கும் இடைப்பட்டவருக்குத் தான் செய்வது இன்னதென்று விளங்கும் முதிர்ச்சி இருந்ததா என்பதை நீதிமன்றம் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். 2005 இல் நீக்கப்படும் வரை, ஆண்பிள்ளைக்கு மெல்லிய பிரம்பால் ஆறு அடிக்கு மேற்படாமல் அடிக்கும்படி நீதிமன்றமே கட்டளையிடலாம் என்றும், தாய் தகப்பன் விரும்பினால் உடன் நின்று பார்க்கலாம் என்றும் சட்டத்தில் இருந்தது. இதையெல்லாம் சொல்வது சட்டம் கொடியது என்று காட்டுவதற்காக அன்று. தண்டனை போதாமல்தான் பிள்ளைகள் கெட்டார்கள் என்ற வாதத்துக்கு எங்கள் சட்டப் புத்தகத்தில் ஆதாரமில்லை என்பதற்காகவே.

சட்டத்தை விட்டு, நான் கண்டதைச் சொல்கிறேன். ஊரையும் ஆண்டையும் வேண்டுமென்றே தவிர்க்கிறேன். சம்பந்தப்பட்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இரண்டு ஊர்களுக்கு இடையிலான கரப்பந்தாட்டப் போட்டி முடிந்து திரும்பும் வழியில் வாய்த்தர்க்கம் ஏற்பட்டு, 17 வயது மாணவன் ஒருவன் கத்தியால் குத்தப்பட்டு வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லும் வழியில் இறந்துபோனான். குத்தியவனுக்கு 16 வயதும் சில மாதங்களும். முதல் நாள் அவனைச் சிறைச்சாலை வாகனத்திலிருந்து இறக்கியபோது கசிப்பு (கள்ளச்சாராய) வழக்கில் வந்த நடுத்தர வயதுக்காரர் ஒருவரோடு சேர்த்து விலங்கிட்டிருந்தார்கள். விலங்கின் வளையம் பெரியவர்களின் மணிக்கட்டுக்குச் செய்யப்பட்டது. அவனுடைய கை அதில் நிற்கவில்லை. ஆகவே வளையம் கழன்று விழுந்துவிடாதபடி அவனே மறுகையால் அதைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்தான். விழுந்தால் தனக்கு ஏச்சு விழும் என்று பயந்திருப்பான் போலும். ஓர் உயிரைக் குடித்த கை அதுதான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்தக் கையே விலங்கைக் காப்பாற்றிக்கொண்டு வந்ததையும் நான் பார்த்தேன்.

வடக்கில் நீதிமன்றத்தின் மொழி தமிழ் என்றாலும், பொலிஸ் நிலையத்தில் வாக்குமூலம் எழுதியவருக்குத் தமிழ் போதாத காலம் நீண்டது. அந்த வழக்கிலும் உத்தியோகத்தர் ஒருவர் சிங்களத்தில் சாட்சியமளித்தார், நான் மொழிபெயர்த்தேன். எதைக் கேட்டாலும் பையன் “ஓம்” என்றே சொன்னான் என்றார் அவர். அவர் பொய் சொல்லவில்லை. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பெரியவர் ஒருவர் பேசும்போது வாக்கியத்துக்கு வாக்கியம் “ஓம்” சொல்வார்கள். அதற்குச் சம்மதம் என்று மட்டும் பொருள் இல்லை. கேட்டுக்கொண்டு நிற்கிறேன், சொல்லுங்கள், கோபிக்காதீர்கள் என்பதெல்லாம் அந்த ஒற்றைச் சொல்லுக்குள் அடங்கும். அதைச் சிங்களத்தில் “ஒவ்” என்று எழுதியபோது எல்லாம் போய் ஒப்புதல் மட்டும் மிஞ்சியது. பொலிசாரிடம் செய்யும் குற்ற ஒப்புதல் சாட்சியமாகாது என்று சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 25 ஆம் பிரிவு சொல்வதால் அந்த வாக்குமூலம் அவனுக்கு எதிராக நிற்கவில்லை; ஆயினும் விசாரணை எந்தத் திசையில் போவது என்பதை அது முதல் நாளே தீர்மானித்துவிட்டது. குத்தும்படி கூட நின்று தூண்டிய, கத்தியைக் கொண்டுவந்து கொடுத்த வளர்ந்த ஆட்கள் இருவர் பற்றி அவனிடம் எவரும் கேட்கவில்லை. கேட்காததற்கு அவன் எப்படி “ஓம்” சொல்வது?

வளர்ந்தோருக்குரிய தண்டனையைப் பற்றிப் பேசுபவர்கள், அந்தத் தண்டனைக்கு முன்னால் வளர்ந்தோருக்குரிய விசாரணை ஒன்று இருப்பதை மறந்துவிடுகிறார்கள். வளர்ந்த ஒருவர் தன் சட்டத்தரணிக்கு விளக்கம் சொல்வார், பொய்யைப் பொய் என்பார், தேவைப்பட்டால் வாயை மூடிக்கொள்வார். 16 வயதுப் பிள்ளை பெரியவர் முகத்தைப் பார்த்து அதற்கு ஏற்ற பதிலைத் தேடுகிறது. 1993 இல் பிரித்தானியாவில் இரண்டு வயதுக் குழந்தையைக் கொன்ற 10 வயதுச் சிறுவர் இருவரை வளர்ந்தோரின் நீதிமன்றத்தில் விசாரித்தபோது, அவர்கள் வெளியே பார்க்கக்கூடியதாகக் கூண்டின் தளத்தை உயர்த்திக் கட்டினார்களாம். தளத்தை உயர்த்தலாம், விளக்கத்தை உயர்த்த முடியாது. அந்தச் சிறுவர்களுக்கு நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்று 1999 இல் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அவ்வளவு தூரம் போவானேன். 2015 செப்டெம்பரில் கொட்டதெனியாவையில் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி கொல்லப்பட்டபோது முதலில் பிடிபட்டவர்களுள் ஒருவன் 17 வயதுப் பாடசாலை மாணவன். நாடே அவனைக் குற்றவாளியாக்கியது. மரபணுப் பரிசோதனையில் அவனுக்குத் தொடர்பில்லை என்று தெரியவந்து விடுவிக்கப்பட்டான். அடுத்துப் பிடிபட்டவர் குற்றத்தை ஏற்றுக்கொண்டுவிட்டார் என்றே செய்தி வந்தது; அவருடைய மரபணுவும் பொருந்தவில்லை. இறுதியில் வேறொருவர் குற்றவாளியாகக் காணப்பட்டு 2016 மார்ச்சில் நீர்கொழும்பு மேல் நீதிமன்றத்தால் தண்டிக்கப்பட்டார். அதற்கு முன்னர், 2015 மே மாதம், புங்குடுதீவு மாணவியின் கொலைக்காக நாங்களும் வீதிக்கு இறங்கியிருந்தோம். யாழ்ப்பாண நீதிமன்றக் கட்டடத்துக்கே கல்லெறிந்தோம். அந்தக் கோபம் நியாயமானது. அந்தக் கோபத்தின் முன்னால் அன்று ஒரு 17 வயதுப் பையனை நிறுத்தியிருந்தால் அவன் செய்தானா இல்லையா என்று கேட்கும் பொறுமை எத்தனை பேருக்கு இருந்திருக்கும்?

மொழியும் வயதும் சேர்ந்து ஒரு பிள்ளையின் உயிரைக் குடித்த கதை எங்களுக்குத் தெரியாததல்ல. மூதூரிலிருந்து சவூதி அரேபியாவுக்குப் பணிப்பெண்ணாக அனுப்பப்பட்டவளின் கடவுச்சீட்டில் ஆறு வயது கூட்டி எழுதியிருந்தார்கள். 2005 மே மாதம் அவளுடைய பொறுப்பில் இருந்த கைக்குழந்தை இறந்தபோது அவளுக்கு வயது 17. அவளுடைய வாக்குமூலத்தை மொழிபெயர்த்தவர் தகுதிவாய்ந்த மொழிபெயர்ப்பாளர் அல்லர் என்பது பின்னர் வெளிவந்தது. 2013 ஜனவரி 9 ஆம் திகதி அவளுடைய தலை வெட்டப்பட்டது. அந்த நாளில் இந்த நாட்டின் எல்லா மொழிப் பத்திரிகைகளும், தங்களுடையது உட்பட, அவள் ஒரு பிள்ளை என்று எழுதின. அவள் குற்றமற்றவள் என்று நம்பியதால் மட்டுமா அப்படி எழுதினோம்? செய்திருந்தாலும் 17 வயதில் ஒரு பிள்ளையைக் கொல்லலாமா என்றும் கேட்டோம். அந்தக் கேள்வி சவூதி அரேபியாவுக்கு மட்டும் உரியதன்று.

வயதைப் பற்றி வன்னிக்கென்று ஒரு சங்கடமும் உண்டு. இன்று 16, 17 வயதில் இருக்கும் எங்கள் பிள்ளைகள் பலர் 2008, 2009 இல் பிறந்தவர்கள். இடம்பெயர்ந்த வைத்தியசாலைகளில், பதுங்குகுழிக்குப் பக்கத்தில், மெனிக் முகாமின் கூடாரங்களில் பிறந்தவர்கள். பிறப்பு அந்தந்த நாளில் பதியப்படவில்லை. காலங்கடந்த பதிவு, உத்தேச வயதுச் சான்றிதழ் என்று பின்னர் தாயின் நினைவிலிருந்து எழுதப்பட்ட திகதிகள் அவை. “சித்திரை வருசத்துக்குப் பிறகு, ஷெல்லடி கூடின கிழமை” என்று ஒரு தாய் சொன்னதைத் திகதியாக்கி எழுதியதை நானே கண்டிருக்கிறேன். 15 வயது கடந்ததா இல்லையா என்பதில் ஒருவனுடைய வாழ்நாள் தங்கியிருக்கும்படி சட்டம் செய்தால், அந்தத் தாயின் நினைவில் கிழமை ஒன்று முன்பின்னாக இருப்பது போதும்.

இனி, இந்தக் கடிதத்தில் நான் தப்பிச் செல்ல விரும்பாத இடத்துக்கு வருகிறேன். முன்னர் சொன்ன கத்திக்குத்து வழக்கில் இறந்த பிள்ளையின் தாய் ஒவ்வொரு தவணைக்கும் வருவார். காலை பேருந்தில் வந்து, நீதிமன்ற வளவு வேப்பமரத்தின் கீழ் சோற்றுப் பொதியைப் பிரிக்காமலே வைத்துக்கொண்டு இருப்பார். வழக்கு இன்னொரு தினத்துக்கு ஒத்திவைக்கப்பட்டதும் அந்தப் பொதியோடு திரும்பிவிடுவார். எதிரியின் சட்டத்தரணி அவனுடைய வயதைக் கூறிப் பிணை கேட்ட அன்று, என்னை வழிமறித்து, “ஐயா, அவன் சின்னப்பிள்ளை எண்டு எல்லாரும் சொல்லுறியள். என்ர பிள்ளையும் பதினேழுதானே. அவன் மட்டும் பெரியாளோ?” என்று கேட்டார். மொழிபெயர்த்துப் பழகிய எனக்கு அதற்குச் சொந்தமாக ஒரு பதிலும் வரவில்லை. “நான் மொழிபெயர்ப்பாளர்தான் அம்மா” என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். இன்று வரை அதை நினைத்து வெட்கப்படுகிறேன்.

அவருக்குச் சொல்ல இன்றும் என்னிடம் ஆறுதல் இல்லை. ஆனால் அவர் கேட்டதை நாங்கள் தவறாக விளங்கிக்கொள்கிறோமோ என்று நினைப்பதுண்டு. ஆறு ஆண்டுகளுக்கு மேல் அந்த வழக்கு நடந்தது. அவ்வளவு காலத்திலும் அவரிடம் எவரும் எதுவும் விளக்கவில்லை. தவணை ஏன் போனது, சட்டமா அதிபரிடமிருந்து என்ன வரவேண்டும், மகனின் சட்டையைச் சான்றுப்பொருள் அறையிலிருந்து எப்போது திருப்பிக் கொடுப்பார்கள் என்பதைக்கூட அவர் என்னைப் போன்றவர்களிடம்தான் கேட்டறிந்தார். பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்குமான பாதுகாப்புச் சட்டம் 2015 இல் வந்தது, 2023 இல் புதிதாகவும் இயற்றப்பட்டது. அந்த உரிமைகள் வேப்பமரத்தடி வரை வந்துசேரவில்லை. அவருக்குத் தரவேண்டியதைத் தராமல், அதற்கு ஈடாகக் குத்தியவனுக்கு இன்னும் பத்து ஆண்டுகள் கூட்டிக் கொடுப்பது எங்களுக்கு இலகுவாக இருக்கிறது, செலவும் குறைவு.

தீர்ப்பு நாளன்று கூண்டில் நின்றவன் மீசை வைத்த, அகன்ற தோளுடைய 22 வயது ஆள். விலங்கு அவனுடைய கைக்குப் பொருத்தமாக இருந்தது. அன்று முதன்முறை நீதிமன்றத்துக்கு வந்த எவருக்கும் அவன் வளர்ந்தவனாகவே தெரிந்திருப்பான். தாமதமே ஒரு பிள்ளையை வளர்ந்தவனாக்கித் தண்டனைக்கு ஒப்புக்கொடுத்துவிடுகிறது. அதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவைப்படவில்லை. கைமோசக்கொலைக் குற்றத்துக்கு அவன் தண்டிக்கப்பட்டான். கத்தி கொடுத்தவர்களின் பெயர் தீர்ப்பில் இல்லை.

இந்தியாவைப் பாருங்கள் என்கிறார் அன்பர். பார்த்தேன். 2012 டிசம்பர் டெல்லிப் பேருந்துக் கூட்டு வன்புணர்வுக் கொடுமையில் 18 ஐ எட்டச் சில மாதங்களே இருந்த ஒருவனுக்கு மூன்றாண்டுகள் மட்டும் சீர்திருத்த இல்லம் விதிக்கப்பட்டது மக்களைக் கொதிக்கச் செய்தது. அவ்வளவு பெரிய குற்றத்துக்கு அந்த மூன்றாண்டு உச்சவரம்பு போதாது என்பதே என் கருத்தும். இதில் அன்பரோடு எனக்கு வேறுபாடு இல்லை. 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டப்படி, ஏழாண்டோ அதற்கு மேலோ குறைந்தபட்சத் தண்டனை உள்ள கொடுங்குற்றம் புரிந்த 16 முதல் 18 வயதினரை, சிறார் நீதி வாரியம் முதலில் பரிசீலித்து, வளர்ந்தோராக விசாரிக்க அனுப்பலாம். அங்கும் மரண தண்டனையோ விடுதலைக்கு வழியற்ற ஆயுள் தண்டனையோ இல்லை. 21 வயது வரை தனி இடத்தில்தான் வைக்க வேண்டும். அன்பர் இதைக் குறிப்பிடவில்லை. தெரிவு செய்து அனுப்பும் ஏற்பாடு யாருக்கு எப்படி வளையும் என்பதற்கும் அங்கேயே உதாரணம் உண்டு. 2024 மே மாதம் புனேயில் விலையுயர்ந்த காரோட்டி இரு பொறியியலாளர்களின் உயிரைப் பறித்த செல்வர் வீட்டு 17 வயது மகனுக்கு, விபத்துகளைப் பற்றி 300 சொற்களில் கட்டுரை எழுதும்படி சொல்லி அன்றே பிணை கொடுத்தார்கள். ஊர் சிரித்த பிறகு அந்தப் பிணை மாற்றப்பட்டாலும், அவனை வளர்ந்தவனாக விசாரிக்கும்படி பொலிசார் கேட்டதை 2025 ஜூலையில் வாரியம் மறுத்துவிட்டது. மறுத்தது சரியாகவே இருக்கலாம். அதே வாரியத்தின் முன் ஒரு கூலித் தொழிலாளியின் மகன் நின்றிருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. எங்கள் ஊரில் அப்படி ஒரு தெரிவு வந்தால் விசுவமடுவில் மணல் உழவு இயந்திரத்தில் கூலிக்குப் போகும் பையனா, கொழும்பிலிருந்து சட்டத்தரணியைக் கூட்டிவரக்கூடியவரின் பிள்ளையா முதலில் “வளர்ந்தவன்” ஆவான்?

அமெரிக்கா இன்னும் நீளமாகச் சோதித்துப் பார்த்த நாடு. தொண்ணூறுகளில் அங்கே பல மாநிலங்கள் சிறுவரை வளர்ந்தோர் நீதிமன்றத்துக்கு மாற்றும் சட்டங்களை விரிவாக்கின. அந்த நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2007 இல் வெளியிட்ட ஆய்வறிக்கை, அப்படி மாற்றப்பட்டவர்கள் பின்னர் வன்முறையில் ஈடுபடுவது பொதுவாகக் குறையவில்லை, கூடியது என்று கண்டது. கசிப்பு வழக்குக்காரரோடு சேர்த்து விலங்கிடப்பட்டவன் வாகனத்தில் போகும் வழியில் என்ன கற்பான் என்பதை அறிய எனக்கு அந்த அறிக்கை தேவைப்படவில்லை. மூளை முதிர்வதற்கு இருபதுகளின் நடுப்பகுதி ஆகும் என்று மருத்துவர்கள் சொல்வதையும் நான் விரித்துரைக்கப் போவதில்லை. மகனிடம் மோட்டார் சைக்கிள் சாவியைக் கொடுத்துவிட்டு வாசலில் நிற்கும் தகப்பன்மாருக்கு அது தெரியும். 21 வயதுக்குக் குறைந்தவருக்குக் கடைக்காரர் ஒரு சிகரெட் விற்றாலும் குற்றம் என்று 2006 இலிருந்து சட்டம் வைத்திருக்கும் நாடு இது என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன்.

எல்லாவற்றுக்கும் மேலாக, இந்தக் கேள்வியை வன்னியில் இருந்துகொண்டு கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2009 மே மாதம் வட்டுவாகல் பாலத்தைக் கடந்து வந்தவர்களுள் ஆயுதம் ஏந்தியிருந்த பிள்ளைகளும் இருந்தார்கள். 18 வயதுக்குக் குறைந்தவர் என்று பதியப்பட்டு அரசின் புனர்வாழ்வுக்கு உட்பட்டவர்கள் 594 பேர். அவர்களைக் குற்றவாளிகளாகக் கூண்டில் ஏற்ற வேண்டும் என்று இங்கு ஒருவரும் கேட்கவில்லை. பிள்ளைகள், பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்கள் என்று தாய்மார் கேட்டார்கள், யுனிசெப் கேட்டது, நாங்கள் எதற்கும் நம்பாத அரசாங்கமும் அதை ஏற்றது. அம்பேபுஸ்ஸவிலும் பின்னர் இரத்மலானை இந்துக் கல்லூரியிலும் வைத்துப் படிப்பித்து, 2010 மே மாதத்துக்குள் வீடுகளுக்கு அனுப்பினார்கள். குறைகள் இருந்தன, வீடு திரும்பியவர்களைக் கண்காணித்தது பற்றி வேறொரு கடிதம் எழுதலாம். ஆயினும் கையில் துவக்கு இருந்த 16 வயதுக்காரன் வளர்ந்தவன் அல்லன் என்பதை அன்று எல்லாத் தரப்பும் ஒத்துக்கொண்டது.

இயக்கம் பிடித்துக்கொண்டு போன பிள்ளையும் தானாகக் கத்தி எடுத்தவனும் ஒன்றா என்று கேட்பார்கள். ஒன்றல்ல. ஆனால் தானாக எடுத்தவர்கள் எத்தனை பேர் என்பதை வழக்கு வழக்காகப் பார்த்தவன் நான். வாளைச் செய்வித்தவர், மோட்டார் சைக்கிளைக் கொடுத்தவர், ஐஸ் போதைப்பொருளை முதல் தடவை இலவசமாகக் கொடுத்தவர், வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பி ஆளைக் காட்டியவர் என்று ஒவ்வொரு பையனுக்கும் பின்னால் வளர்ந்தவர்கள் நிற்கிறார்கள். சிறுவருக்குத் தண்டனை குறைவு என்பதால்தான் அவர்களைப் பயன்படுத்துகிறார்கள் என்பது அன்பரின் வலுவான வாதம். அது உண்மைதான். அப்படியானால் பயன்படுத்துபவரின் தண்டனையைக் கூட்டுங்கள். போதைப்பொருள் கடத்தலுக்குச் சிறுவரை அமர்த்துவது தண்டனைச் சட்டக்கோவையில் ஏற்கெனவே ஒரு குற்றம். என் 26 ஆண்டுகளில் அந்தப் பிரிவின் கீழ் ஒரு குற்றப்பத்திரத்தையும் நான் மொழிபெயர்த்ததில்லை.

என் தமக்கையின் மகன் அந்த 594 பேருள் ஒருவன். இன்று புதுக்குடியிருப்புப் பக்கத்தில் ஒட்டு வேலைக் கடை வைத்திருக்கிறான். தேநீர்க் கடையில் அன்பரின் கடிதத்தை உரக்க வாசித்தவர் தன்னுடைய உழவு இயந்திரத்தின் கலப்பை உடைந்தால் அவனிடம்தான் கொண்டுபோகிறார்.

நான் கேட்பது மன்னிப்பு அன்று. கொலை செய்த 17 வயதுக்காரன் மேல் நீதிமன்றத்துக்கே போகட்டும். நீதிபதி நீண்ட காலத்தையே விதிக்கட்டும். அது 18 ஆவது பிறந்த நாளோடு முடிந்துவிடவும் வேண்டாம். ஆனால் வளர்ந்தோர் இல்லாத இடத்தில் கழியட்டும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரு நீதிபதி அவனை அழைத்துப் பார்க்கட்டும். விடுதலைக்கு வழி என்றும் ஒன்று இருக்கட்டும். 1991 இல் இலங்கை ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 37 ஆம் உறுப்புரை கேட்பதும் ஏறத்தாழ இதுவே. 16 முதல் 22 வயது வரையான குற்றவாளிகளுக்குப் பயிற்சிப் பாடசாலை வேண்டும் என்று 1939 இலேயே தனிச் சட்டம் எழுதி வைத்திருக்கிறார்கள். இளம் குற்றவாளிகளுக்கான நிலையங்கள் பதுளைப் பக்கம் தல்தெனவிலும் நீர்கொழும்புப் பக்கம் பல்லன்சேனவிலும் இருக்கின்றன. மாங்குளத்துத் தாயொருவர் பதுளைக்குப் போய் மகனைப் பார்த்துத் திரும்ப இரண்டு நாளும் ஒரு கிழமைக் கூலியும் வேண்டும். வடக்கில், தமிழில் படிப்பிக்கும் ஒரு நிலையம் அமைந்தால் தண்டனைக் காலத்தில் ஒரு நாளைக்கூடக் குறைக்கத் தேவையில்லை. விசாரணை ஓராண்டுக்குள் தொடங்கட்டும், அந்தப் பிள்ளை இன்னும் அந்தப் பிள்ளையாக இருக்கும்போதே. இறந்தவனின் தாய்க்கு ஒவ்வொரு தவணையும் ஏன் போகிறது என்பதைச் சொல்ல ஓர் ஆளை நியமிக்கட்டும்; நீதிபதி தண்டனை சொல்லுமுன் அவரைக் கூப்பிட்டு என்ன சொல்கிறார் என்று கேட்கட்டும்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். சிறுவர் நீதிமன்ற நடவடிக்கைகளில் சம்பந்தப்பட்ட பிள்ளையின் பெயர், முகவரி, பாடசாலை ஆகியவற்றைப் பத்திரிகைகள் வெளியிடலாகாது என்று மேற்படி 1939 ஆம் ஆண்டுச் சட்டமே கட்டுப்படுத்துகிறது. அன்பரின் கடிதம் வெளிவந்த அதே பக்கத்தில், சந்தேகத்தின் பேரில் கைதான மாணவன் ஒருவனின் படம் இருந்தது. கண்களைக் கறுப்புக் கோட்டினால் மறைத்திருந்தீர்கள். சட்டைப் பையில் இருந்த பாடசாலைச் சின்னம் தெளிவாகத் தெரிந்தது. அவனுடைய தாய் இப்போது சந்திக் கடைக்கு வருவதில்லை. இதை எழுதும் இன்று வரை அவன் மீது குற்றப்பத்திரம் தாக்கல் செய்யப்படவில்லை.

இப்படிக்கு,

ஓய்வுபெற்ற நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர்,
கனகராயன்குளம்.